பசிக்கு அளவு உண்டு!

(தலைப்பு: சமுதாயத்தில் குற்றங்கள் பெருகப் பெரிதும் காரணம் வறுமையா? பேராசையா? ‘பேராசையே!’ அணியின் இரண்டாவது பேச்சு.)



ஐயா, எனக்கு முன்னாலே பேசின சகோதரி ஒரு கேள்வி கேட்டாங்க. “பசியிலே அழுகிற குழந்தைக்காக ஒரு தாய் கடையிலே பால் பவுடர் டப்பாவை எடுத்துட்டா. அவ மனசிலே பேராசையா இருந்தது?”ன்னு கேட்டாங்க. அரங்கமே கைதட்டிச்சு. நானும் தட்டினேன். அந்தத் தாயைப் பிடிச்சு ஜெயில்ல போடுன்னு சொல்ற கல் நெஞ்சம் எனக்கும் கிடையாது.

ஆனா சகோதரி, அந்தத் தாய் எத்தனை டப்பா எடுத்தாள்? ஒரு டப்பா. அவள் கடையையே தூக்கிட்டுப் போகலை. குழந்தையோட வயிறு நிறைஞ்சதும் அந்தத் திருட்டு முடிஞ்சு போச்சு. நடுவர் அவர்களே, பசிக்கு ஒரு அளவு உண்டு. அரைப்படி அரிசியிலே அடங்கிப்போற குற்றம் அது. பேராசைக்கு எந்தப் படி வச்சு அளப்பீங்க? (கைதட்டல்)

வறுமைதான் குற்றத்துக்குக் காரணம்னா, ஏழைகள் எல்லாரும் குற்றவாளியா இருக்கணுமே. நம்ம வாழ்க்கையையே எடுத்துக்கோங்க. நாம ஊருக்குப் போகும்போது வீட்டுச் சாவியை யாரிடம் கொடுத்துட்டுப் போறோம்? வேலை செய்கிற அம்மாவிடம். பீரோவிலே நகை எங்கே இருக்குன்னு நம்ம வீட்டுக்காரருக்குத் தெரியாது, அந்த அம்மாவுக்குத் தெரியும். (சிரிப்பு) ராத்திரி பூரா பாங்கு வாசல்லே உட்கார்ந்து காவல் காக்கிறாரே வாட்ச்மேன், அந்தப் பாங்கிலேயே ரொம்பக் குறைஞ்ச சம்பளம் அவருக்குத்தான். உள்ளே கோடி ரூபாய் இருக்கு. வெளியே அவர் கொசு அடிச்சிட்டு இருக்கார். வறுமை திருடும்னா அந்தப் பாங்கு காலையிலே இருக்குமா?

இந்த நாட்டிலே பணக்காரங்க நிம்மதியாத் தூங்கறதுக்குக் காரணமே ஏழைகளோட நேர்மைதான். (பலத்த கைதட்டல்) அந்த ஏழை மேலேயே குற்றத்தைத் தூக்கிப் போட்டா என்ன நியாயம்?

நடுவர்: நீங்க சொல்றதைப் பார்த்தா, வறுமைக்குச் சிலையே வச்சுடுவீங்க போலிருக்கே!

வறுமைக்குச் சிலை வேண்டாம் ஐயா. அதுக்குச் சாப்பாடு போட்டு அனுப்பி வச்சா போதும். (சிரிப்பு)

பேராசை என்னவெல்லாம் பண்ணும்கிறதுக்கு நம்ம தமிழிலே ஒரு பெரிய சாட்சி இருக்கு. சிலப்பதிகாரம். உடனே பயந்துடாதீங்க, கண்ணகியா மாதவியான்னு நான் ஆரம்பிக்கப் போறதில்லை. அந்தப் பட்டிமன்றம் நம்ம ஊரிலே பல வருஷமா நடக்குது, இன்னும் தீர்ப்பு வந்தபாடில்லை. (சிரிப்பு) நான் பேச வந்தது அந்தக் காப்பியத்திலே பேர் கூட இல்லாத ஒரு ஆளைப் பத்தி. மதுரைப் பொற்கொல்லன்.

மதுரைத் தெருவிலே ரெண்டு பேர் சந்திக்கிறாங்க. ஒருத்தன் கோவலன். செல்வத்தை எல்லாம் தொலைச்சவன். புகாரிலிருந்து மதுரைக்கு நடந்தே வந்தவன். கையிலே மனைவியின் ஒற்றைச் சிலம்பு, அதை விற்றுப் புது வாழ்வு தொடங்கணும்னு மனசிலே ஒரு நினைப்பு. இன்னொருத்தன் பொற்கொல்லன். அரண்மனை வேலை, பின்னாலே நூறு தொழிலாளிகள் வர்றாங்க. அவன் வீட்டிலே அடுப்பு எரியலையா? நல்லாவே எரியுது. இந்த ரெண்டு பேரிலே திருடன் யாரு? அரசியின் சிலம்பைத் திருடினவன் வசதியா இருந்தவன். பழியைச் சுமந்து வெட்டுப்பட்டவன், இருப்பதை விற்றுப் பிழைக்க வந்தவன். எதிரணி நண்பர்களே, பாண்டிய மன்னன் செய்த அதே தப்பைத்தான் நீங்களும் இன்னைக்குச் செய்யறீங்க. விசாரிக்காமலே ஏழையைக் காட்டி “இவன்தான் கள்வன்”கிறீங்க. (பலத்த கைதட்டல்)

கதை அங்கே முடியலை ஐயா. அரசன் இறந்தான், அரசி இறந்தாள், மதுரையிலே தீ புகுந்தது. அது எல்லாருக்கும் தெரியும். அந்தக் காப்பியத்தின் உரைபெறு கட்டுரை அதுக்குப் பிறகு நடந்ததையும் சொல்லுது. பாண்டிய நாட்டிலே மழை பொய்த்தது, வறுமை வந்தது, நோய் வந்தது. பரிகாரம்னு சொல்லி, கொற்கையிலே இருந்த வெற்றிவேற்செழியன் ஆயிரம் பொற்கொல்லர்களைப் பலி கொடுத்தான். ஒருத்தன் திருடினதுக்கு, அந்தத் திருட்டிலே சம்பந்தமே இல்லாத ஆயிரம் பேர் உயிரை விட்டாங்க. அந்த ஆயிரம் பேருக்கும் வீடு இருந்திருக்கும், பிள்ளைகள் இருந்திருக்கும்.

நல்லாக் கவனிக்கணும். அங்கே வறுமை வந்து குற்றம் பிறக்கலை. குற்றம் நடந்த பிறகுதான் நாட்டுக்கு வறுமை வந்தது. பேராசை முன்னாலே போகுது, வறுமை அதன் பின்னாலே வருது. (கைதட்டல்)

“காப்பியம் பழசு, இந்தக் காலத்துக்கு வாங்க”ன்னு எதிரணி நண்பர் கை காட்டுறார். வந்துட்டேன். இந்தக் காலப் பொற்கொல்லனுக்குக் கையிலே சுத்தியல் கிடையாது. கோட்டு சூட்டு, குளிர்பதன அறை, குத்துவிளக்கு ஏத்தித் திறப்பு விழா! 1920-ம் வருஷம் அமெரிக்காவிலே பாஸ்டன் நகரத்திலே சார்லஸ் போன்சின்னு ஒருத்தர். “45 நாளிலே 50 சதவீத லாபம்”ன்னார். அஞ்சல் கூப்பன் வாங்கி விற்கிற வியாபாரம்னு காரணம் சொன்னார். ஊரே பணத்தைக் கொண்டு வந்து கொட்டிச்சு. வியாபாரம் எதுவும் நடக்கலை. இன்னைக்கு வந்தவனோட பணத்தை எடுத்து நேத்து வந்தவனுக்கு லாபம்னு கொடுத்தார், அவ்வளவுதான். சில மாசத்திலே எல்லாம் சரிஞ்சு போச்சு. அந்த மனுஷன் 1949-ல் பிரேசில் நாட்டிலே ஒரு தர்ம ஆஸ்பத்திரியிலே கையிலே காசில்லாமல் செத்தார். ஆள் போயிட்டார், அவர் வித்தை போகலை. உலகம் பூரா அந்த மோசடிக்கே இன்னைக்கு அவர் பேர்தான்.

அவரையாவது ‘வறுமையிலே வந்தவர்’னு எதிரணியிலே சேர்த்துக்குவீங்க. பெர்னார்ட் மேடாப்பை என்ன பண்ணுவீங்க? நியூயார்க்கிலே நாஸ்டாக் பங்குச் சந்தைக்கே தலைவரா இருந்தவர். 2008-ல் பிடிபட்டார். முதலீட்டாளர்களுக்கு அவர் காட்டின பொய்க் கணக்கு மட்டும் சுமார் 6,500 கோடி டாலர். கோர்ட்டு 150 வருஷம் தண்டனை கொடுத்தது, 2021-ல் சிறையிலேயே இறந்தார். அவருக்கு என்ன ஐயா பசி? மத்தியானச் சாப்பாட்டுக்கு வழியில்லாமலா அவர் இதைச் செய்தார்? (சிரிப்பு, கைதட்டல்)

நம்ம ஊருக்கு வருவோம். ‘ஆருத்ரா’ வழக்கை எல்லாரும் பத்திரிகையிலே படிச்சிருப்பீங்க. 2022-ல் வெடிச்சது. மாசத்துக்கு 25 முதல் 30 சதவீதம் வட்டின்னு ஆசை காட்டி, ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவங்களிடம் சுமார் 2,438 கோடி ரூபாய் வசூலிச்சாங்கன்னு போலீஸ் கணக்குச் சொல்லுது. வருஷத்துக்கு இல்லைங்க, மாசத்துக்கு 30 சதவீதம்! ஒரு லட்சம் போட்டா மாசா மாசம் முப்பதாயிரம்.

தாய்மார்கள் எல்லாரும் கணக்கிலே புலிகள். என்னோட சேர்ந்து மனக்கணக்குப் போடுங்க. ஒருத்தர் இப்படி ஒரு கம்பெனி ஆரம்பிக்கிறார்னு வைங்க. பத்துப் பேர் ஆளுக்கு ஒரு லட்சம் போடறாங்க. முதல் மாச வட்டி மூணு லட்சம். தொழில் ஏதும் இல்லை, அப்ப அந்த மூணு லட்சத்துக்குப் புதுசா மூணு பேர் வேணும். இப்ப 13 பேர் ஆச்சு. அடுத்த மாச வட்டி மூணு லட்சத்துத் தொண்ணூறாயிரம். இன்னும் நாலு பேரைப் பிடிக்கணும். இப்படியே போனா ஒரு வருஷத்திலே 233 பேர். ரெண்டு வருஷத்திலே ஐயாயிரத்து நானூறுக்கு மேலே. மூணாவது வருஷம் ஒண்ணேகால் லட்சம். நாலாவது வருஷம் 29 லட்சம். அஞ்சாவது வருஷம் 6 கோடியே 86 லட்சம் பேர் வேணும்! 2011 கணக்கெடுப்புப்படி நம்ம தமிழ்நாட்டு ஜனத்தொகையே 7 கோடியே 21 லட்சம்தான். அதாவது பொறந்த குழந்தை தொட்டிலிலிருந்து எழுந்து வந்து டெபாசிட் போட்டாத்தான் அடுத்த மாசம் உங்களுக்கு வட்டி வரும். (பலத்த சிரிப்பு)

இது கவிழும்னு கண்டுபிடிக்க ஜோசியர் வேண்டாம், அஞ்சாம் வகுப்புக் கணக்கு வாத்தியார் போதும். கவிழும்னு தெரிஞ்சே ஒருத்தன் இதை ஆரம்பிக்கிறான் பாருங்க, அதுதான் குற்றம்.

2012-ல் ஈரோடு மாவட்டம் பெருந்துறைப் பக்கம் ஈமு கோழிக் கதை நடந்ததே, மறந்துட்டீங்களா? ஆஸ்திரேலியாவிலே பிறந்த பறவை. “நீங்க பணம் கட்டுங்க, குஞ்சு தர்றோம், வளர்த்துக் கொடுத்தா மாசா மாசம் பணம் தர்றோம்”னாங்க. விவசாயி, பாவம், மழையை நம்பி ஏமாந்தவன், கோழியை நம்பினான். ஈமுக்குப் பறக்கத் தெரியாதுன்னு எல்லாருக்கும் தெரியும். ஆனா நம்ம பணத்தைத் தூக்கிட்டு அது எவ்வளவு உயரம் பறந்ததுன்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சது! (பலத்த சிரிப்பு) கடைசியிலே தீனி இல்லாமப் பட்டினி கிடந்த பறவைகளுக்கு அரசாங்கம்தான் தீனி போட வேண்டி வந்தது. அந்தத் தீனிச் செலவு யாருடைய பணம்? உங்க பணம், என் பணம். ஈமுவைப் பார்க்காதவன் கூட ஈமுவுக்குச் செலவு பண்ணினான்.

நடுவர்: ஒரு நிமிஷம். பணம் போட்டவன் ஏன் போட்டான்? பெண்ணுக்குக் கல்யாணம், பையனுக்குக் காலேஜ் பீசு, வேற வழியில்லை, போட்டான். அப்ப வறுமையும் ஒரு காரணம்னு நீங்களே ஒத்துக்கிறீங்களா?

நல்ல கேள்வி ஐயா. ஒரு காய்ஞ்ச விறகுக் கட்டு கொல்லையிலே பத்து வருஷம் கிடக்கும். தானா எரியாது. ஒருத்தன் தீக்குச்சியைக் கிழிச்சாத்தான் எரியும். வீடு எரிஞ்ச பிறகு, “விறகு ஏன் காய்ஞ்சிருந்தது?”ன்னு விறகு மேலே வழக்குப் போடுவோமா? தீக்குச்சியைக் கிழிச்சவனைத்தானே தேடுவோம்! (பலத்த கைதட்டல்) வறுமை விறகு, பேராசை தீக்குச்சி. கஷ்டப்படறவன் எங்கே இருக்கான்னு மோப்பம் பிடிச்சுத் தேடி வர்றதே பேராசைதான். அவனோட இல்லாமைதான் இவனுக்கு மூலதனம்.

இதுக்கு இன்னொரு சாட்சி, கந்து வட்டி. 2003-ல் தமிழ்நாட்டிலே அதீத வட்டித் தடைச் சட்டம் வந்தது. அந்தச் சட்டத்திலேயே பேர் போட்டு எழுதியிருக்கு: தின வட்டி, மணி வட்டி, கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல். ஆட்டோவுக்கு மீட்டர் போடச் சொன்னோம், போடலை. வட்டிக்குப் போட்டுட்டான்! (சிரிப்பு) சிரிக்கிற விஷயமில்லைங்க. 2017 அக்டோபர் மாசம் திருநெல்வேலி கலெக்டர் அலுவலக வளாகத்திலே, கந்து வட்டிக் கொடுமை தாங்காமல் ஒரு கணவன், மனைவி, ரெண்டு சின்னப் பெண் குழந்தைகள், நாலு பேரும் நெருப்புக்குப் பலியானாங்க.

(அரங்கம் அமைதி)

நடுவர் அவர்களே, வறுமையின் கடைசிப் படியிலே நின்ற குடும்பம் அது. அந்த மனுஷன் கத்தியைத் தூக்கினானா? யார் வீட்டுப் பூட்டையாவது உடைச்சானா? மனு எழுதிட்டு வந்து அரசாங்கத்தின் வாசலிலே நின்னான். ஏழையோட விரக்தி பெரும்பாலும் தன்னையேதான் அழிச்சுக்குது. பேராசைக்காரன் மட்டும்தான் அடுத்தவனை அழிச்சுட்டு, அடுத்த தெருவுக்குப் போய் வேற பேரிலே போர்டு மாட்டறான்.

இந்தக் குற்றங்களுக்குச் சமுதாயம் கொடுக்கிற விலை என்னன்னு கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. 2024 ஜூன் மாசம் கள்ளக்குறிச்சியிலே விஷச் சாராயம். சாராயத்திலே மெத்தனால். 60 பேருக்கு மேலே செத்துப் போனாங்க, பெரும்பாலும் கூலி வேலை பார்க்கிற ஜனங்க. குடிச்சது தப்புதான், நான் இல்லைன்னு சொல்லலை. ஆனா விஷத்தைக் கலந்து வித்தவனுக்குப் பாக்கெட்டுக்கு எத்தனை ரூபாய் லாபம் கிடைச்சிருக்கும்? சில ரூபாய். இறந்தவங்க குடும்பத்துக்கு அரசாங்கம் தலைக்கு 10 லட்சம் நிவாரணம் கொடுத்தது. ஒருத்தனோட சில ரூபாய் லாபத்துக்கு ஊர் கட்டின அபராதம் பல கோடி. அப்பா இல்லாமல் வளரப் போற பிள்ளைகளுக்கு எந்தக் கஜானாவிலிருந்து எடுத்துக் கொடுப்பீங்க?

இன்னொரு விலை இருக்கு. அது பட்ஜெட்டிலே வராது. இந்தப் பணம் வசூலிக்கிற கம்பெனிகளுக்கு ஏஜென்ட் யாருன்னு பார்த்தா, அந்நியன் இல்லை. நம்ம மச்சினன், நம்ம சித்தப்பா மகன், கூட வேலை பார்க்கிற டீச்சர். “அண்ணி, நான் போட்டிருக்கேன், நீங்களும் போடுங்க”ம்பாங்க. நல்லெண்ணத்திலே சொல்றவங்களும் உண்டு. கம்பெனி கவிழ்ந்ததும் முதலாளி எங்கேயோ போயிடறான். மச்சினன் எங்கே போவான்? அதே தெருவிலேதான் இருக்கான். அதுக்கப்புறம் அந்த ரெண்டு வீட்டுக்கும் நடுவிலே பேச்சு கிடையாது, தீபாவளிப் பலகாரம் மாறாது. பணம் போன வலி பத்து வருஷத்திலே ஆறலாம். “உன்னை நம்பித்தானே போட்டேன்”கிற அந்த ஒரு வார்த்தை, தலைமுறைக்கும் ஆறாது. (கைதட்டல்)

நம்பிக்கை போயிட்டா நல்லவனுக்கும் கஷ்டம். நாளைக்கு நேர்மையான ஒரு பிள்ளை ஒரு தொழில் தொடங்கணும், நாலு பேர் கை கொடுங்கன்னு வந்து நின்னா, “போப்பா, உன்னை மாதிரி எத்தனை பேரைப் பார்த்தாச்சு”ம்போம். ஆயிரம் பொற்கொல்லர்கள் பலியானாங்கன்னேனே, இது அதேதான் ஐயா. ஒருத்தன் திருடறான், சந்தேகம் ஆயிரம் பேர் மேலே விழுது.

சட்டம் இல்லையான்னு கேட்பீங்க. இருக்கு. முதலீட்டாளர்களைப் பாதுகாக்கத் தமிழ்நாட்டிலே 1997-லேயே தனிச் சட்டம் வந்தது. முறைப்படுத்தாத டெபாசிட்டுகளைத் தடை செய்து 2019-ல் மத்திய சட்டமும் வந்தது. ஆனா சட்டம் சொத்தை முடக்கி, ஏலம் விட்டு, பிரிச்சுக் கொடுக்கறதுக்குள்ளே கல்யாணம் பண்ண வேண்டிய பெண்ணுக்கு வயசு ஏறிப் போகுது. அதனாலே காவல் நம்ம வீட்டு வாசல்லேயே ஆரம்பிக்கணும்.

தாய்மார்களே, யாராவது பெரிய வட்டின்னு வந்து நின்னா மூணே கேள்வி கேளுங்க. “என்ன தொழில் பண்ணி இவ்வளவு லாபம் சம்பாதிக்கிறே?” “டெபாசிட் வாங்க ரிசர்வ் வங்கி அனுமதியோ, சீட்டுன்னா 1982 சீட்டு நிதிச் சட்டப்படி பதிவோ இருக்கா?” “இவ்வளவு லாபம் வர்ற தொழிலுக்குப் பாங்கிலே குறைஞ்ச வட்டிக்குக் கடன் வாங்காம, என்கிட்டே ஏன் வந்தே?” மூணாவது கேள்விக்கு அவனிடம் பதிலே இருக்காது, காப்பி கூடக் குடிக்காமப் போயிடுவான். (சிரிப்பு, கைதட்டல்) பாங்கு டெபாசிட்டுக்கு 2020 முதல் ஒவ்வொரு பாங்கிலும் ஒருத்தருக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. வட்டி கொஞ்சம்தான். ஆனா ராத்திரி தூக்கம் வரும்.

கடைசியாக ஒன்று சொல்லி முடிக்கிறேன். வள்ளுவர் ‘வெஃகாமை’ன்னு ஒரு அதிகாரம் வச்சார். அடுத்தவன் பொருளுக்கு ஆசைப்படாமை. அதை எங்கே வச்சார் தெரியுமா? இல்லறவியலில் வச்சார். பெண்டாட்டி பிள்ளையோட குடும்பம் நடத்துகிறவனைப் பார்த்துத்தான் அதைச் சொன்னார். வறுமையை ‘நல்குரவு’ன்னு பொருட்பாலிலே வச்சார். நாட்டையும் குடியையும் பேசுகிற பகுதி அது. எனக்கு என்ன தோணுதுன்னா, வறுமையைத் தீர்க்கிறது நாடு பார்க்க வேண்டிய வேலை. பேராசையை அடக்குகிறது ஒவ்வொரு வீடும் பார்க்க வேண்டிய வேலை. நாம நம்ம வேலையைச் செய்யாமல், பழியை மட்டும் ஏழை மேலே போட்டுத் தப்பிச்சுக்கலாமா? (பலத்த கைதட்டல்)

நடுவர் அவர்களே, ஒரு காலத்திலே மதுரையிலே விசாரிக்காமல் ஒரு தீர்ப்புச் சொல்லப்பட்டது. இன்னைக்கு நீங்க ரெண்டு பக்கமும் பொறுமையா விசாரிச்சுட்டீங்க. இல்லாதவன் கை நீட்டினா அதிலே ஒரு பிடி சோறு போட்டா போதும், மடங்கிடும். எல்லாம் இருந்தும் கை நீட்டறானே, அந்தக் கைக்கு ஊரையே தூக்கி வச்சாலும் போதாது. குற்றங்கள் பெருகப் பெரிதும் காரணம் பேராசையே, பேராசையே என்ற நல்ல தீர்ப்பை வழங்குங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

(நீண்ட கைதட்டல்)